ஆண்டு வருமானம் ரூ. 72,000

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும். ஜமாபந்தியும் மே, ஜூனில்தான். ஜூன் 30-ஆம் தேதியோடு பசலி ஆண்டு முடிகிறது. அதற்குள் வருடக் கணக்கையெல்லாம் நேர் செய்து, அடங்கலைத் தைத்து, மூட்டையாகக் கட்டி வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் கிராம நிர்வாக அலுவலகத்து வாசலில் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து நிற்பார்கள். கையில் ரேஷன் கார்டு, ஆதார், மார்க் ஷீட் ஜெராக்ஸ். கேட்பது சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. சிலருக்கு அவை மூன்றும் ஒரே காகிதம் என்று நினைப்பு.

திண்டுக்கல் கிழக்கு வட்டத்தில் பல கிராமங்களில் வி.ஏ.ஓ.வாக இருந்தேன். அதில் சில வருடங்கள் சிறுமலை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. அதன்பிறகு தேர்வு எழுதி வந்தவர்கள் கையில் கிராமக் கணக்கு வந்தது. அப்படி ஒன்று நடக்காமல் இருந்திருந்தால் பேகம்பூரில் தோல் ஷாப் வேலை பார்த்தவரின் மகனான நான் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைத் தொட்டிருக்கவே முடியாது. ஆனாலும் மலையில் வயசாளிகள் கடைசிவரை என்னைக் 'கணக்கப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குக் கல்லூரிப் பட்டம் கிடையாது. பிளஸ் டூ முடித்து, தேர்வாணையத் தேர்வு எழுதி வந்தவன். அப்படிப்பட்டவன்தான் ஊரில் யார் முதல் பட்டதாரி என்று விசாரித்துப் பரிந்துரை எழுதிக்கொண்டிருந்தேன்.

வருமானச் சான்றில் அந்த எண் எப்படி வந்து உட்காருகிறது என்பதைச் சொல்லவேண்டும். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதிவாகும், அறுபது ரூபாய். அது என் கணினிக்கு வரும். நான் விசாரித்து, பரிந்துரைத்து, வருவாய் ஆய்வாளருக்கு அனுப்புவேன். அவர் துணை வட்டாட்சியருக்கு அனுப்புவார். அங்கே டிஜிட்டல் கையெழுத்து ஆனதும் பையன் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். அந்தக் காகிதம் ஒரு வருடத்துக்குச் செல்லும். அடுத்த ஜூனில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். இந்தச் சங்கிலியில் வீட்டுக்காரரை நேரில் பார்த்து "எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்று கேட்கும் ஆள் நான் ஒருவன்தான்.

கேட்டால் என்ன பதில் வரும்? "நீங்களே பாத்துப் போடுங்கய்யா" என்பார்கள். அல்லது "எல்லாருக்கும் போடுறதையே போடுங்க" என்பார்கள். எல்லாருக்கும் போடுவது 72,000. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு அவ்வளவுதான் இருந்தது. காப்பீட்டு அட்டைக்கு வாங்கிய சான்றில் இருந்த எண்ணே பிள்ளை படிப்புக்கும் தொடரும். மாற்றினால் ஒன்றுக்கு இரண்டு விதமாக எழுதியதாகிவிடும். பிற்பாடு அந்த வரம்பு 1,20,000 ஆனது. அந்த வருடமே மலையிலும் அடிவாரத்திலும் வருமானம் மளமளவென்று உயர்ந்ததை என் கணினியில் பார்த்தேன். எந்தப் பொருளாதார நிபுணரும் இந்த வளர்ச்சியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதைப் பொய் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நிஜமான எண் என்ன என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். நான் ஒருமுறை அப்படிப் போட்டுப் பார்த்தேன்.

சிறுமலையில் குதிரை வைத்திருப்பவர்கள் உண்டு. கீழேயிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறிவருகிற தார்ரோடு முக்கியமான ஊர்களைத்தான் தொடும். அதைத் தாண்டி உள்ளே இருக்கிற தோட்டங்களிலிருந்து வாழைத்தார், எலுமிச்சை மூட்டை, பலா, சௌசௌ எல்லாம் ரோட்டுக்கு வருவது குதிரை முதுகில். அங்கிருந்து வண்டி ஏறித் திண்டுக்கல்லில் சிறுமலை செட் என்கிற சந்தைக்கு ஏலத்துக்குப் போகும். பழையூரில் ஒருவர் மூன்று குதிரை வைத்திருந்தார். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். வருமானச் சான்று கேட்டு வந்தார். வாசலில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஒரு நடைக்கு எவ்வளவுண்ணே?"

"தோட்டத்தப் பொறுத்துங்கய்யா. கிட்டக்கன்னா ஒரு ரேட்டு, தூரம்னா ஒரு ரேட்டு."

"மாசத்துக்கு எத்தனை நடை வரும்?"

"மழ பேஞ்சா நடை கெடையாது. வழுக்கும். தாரு வெட்டு இருந்தாத்தேன் நடை. லாடம் கழண்டா ரெண்டு நாளு கெடையாது. ஒரு குதிரைக்கு வவுத்து வலி வந்துச்சு, பத்து நாளு படுத்துருச்சு. டாக்டரு கீழயிருந்து வரணும்."

"தீவனம்?"

"கொள்ளு என்ன வெல விக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதாங்கய்யா?"

ஒரு தாளில் வரவு ஒரு பக்கம், கொள்ளு, தவிடு, லாடம், சேணம் தைக்கிற கூலி, கூட வருகிற பையன் கூலி மறுபக்கம் என்று எழுதினேன். கூட்டிக் கழித்தால் சில மாதம் கையில் நன்றாக நின்றது. சில மாதம் குதிரைதான் அவர் சம்பாத்தியத்தைத் தின்றது. அவர் தாத்தா காலத்தில் மலை வாழை கொழித்ததாம், குதிரைகளும் ஏராளம். முடிக்கொத்து நோய் வந்து வாழை அழிந்த பிறகு குதிரையும் குறைந்ததாம். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணைத் தாளில் வட்டம் போட்டபோது எங்கள் இருவருக்கும் அதில் நம்பிக்கையில்லை. கடைசியில் சான்றில் போன எண்ணுக்கும் அந்தத் தாளுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

பெண்ணுக்குக் கலந்தாய்வில் பொறியியல் கிடைத்தது. அது 2018-க்குப் பிறகு. கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்துவிட்டது. முன்பானால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பனும் மகளும் ராத்திரி பஸ்ஸில் சென்னை போய்வரவேண்டும். அந்தச் செலவு மிச்சம். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு 2017-இல் நிர்ணயித்தது வருடம் 50,000. தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. முதல் பட்டதாரிச் சலுகையில் ஏறக்குறையப் பாதி குறையும். மீதியை எப்படியோ புரட்டிவிடலாம் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் சேர்க்கை நாளன்று கல்லூரியில் கொடுத்த துண்டுச்சீட்டில் விடுதி முன்பணம், மெஸ், சீருடை, புத்தகம், ஆய்வகம், இன்னும் என்னென்னவோ தலைப்புகள். மலையிலிருந்து தினம் இறங்கி ஏறிப் படிக்க முடியாது. விடுதி இல்லாமல் அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியே இல்லை. அந்தத் தொகையை ஒரு வாரத்துக்குள் கட்டவேண்டும்.

இரண்டு குதிரைகளை விற்றார்.

அடுத்த ஜூனில் சான்றைப் புதுப்பிக்க வந்தார். மிச்சமிருந்தது ஒரு குதிரை, அதுவும் வயசானது. நடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தோட்டக்காரர்கள் மூன்று குதிரை உள்ள வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குதிரைக்காரனுக்காகத் தாரை வெட்டிப்போட்டுக் காத்திருக்க முடியுமா? ஆக, மகள் கல்லூரிக்குப் போனதாலேயே வீட்டு வருமானம் சரிந்தது. சான்றில் எண் மாறவில்லை. சென்ற வருடமும் வரம்புக்குக் கீழே, இந்த வருடமும் வரம்புக்குக் கீழே. காகிதத்தில் அவர் அசையாமல் இருந்தார்.

ஆண்டு வருமானம் என்று ஒரு எண்ணைக் கேட்கிறோம். ஆனால் ஒரு பிள்ளை கல்லூரிக்குள் போவதையும் போகாததையும் முடிவு செய்வது ஜூன், ஜூலையில் கையில் ரொக்கம் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் எதை விற்று அதைக் கட்டுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. வேலை பார்த்த காலமெல்லாம் நான் பார்த்தது இதைத்தான்.

மலையில் ஒன்றரை ஏக்கர் பட்டா வைத்துக் காபியும் மிளகும் போட்டவர் இன்னொருவர். வருட வருமானம் என்று பார்த்தால் குதிரைக்காரரைவிடத் தேவலை. காபிப்பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை. அதையொட்டி மிளகு. பணம் வருவது தைக்கு முன்னும் பின்னும். மகனுக்குக் கல்லூரி அழைப்பு வந்தது ஜூலையில். அப்போது செடியில் இருப்பது பச்சைக் காய். கீழே உள்ள வியாபாரியிடம் போய், வரப்போகிற பறிப்பின் பேரில் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கினால் விலையை வியாபாரிதான் சொல்வார். அது டிசம்பர் விலைக்குக் கீழேதான் இருக்கும். வட்டி என்று யாரும் பெயர் வைக்காத வட்டி அது. நான்கு வருடமும் அந்த மனிதர் காபியைக் காயிலேயே விற்றார். சான்று எழுதும்போது நான் சந்தை விலையில் கணக்குப் போட்டால் அவர் வசதியானவர். வியாபாரி கொடுத்ததைக் கணக்கில் எடுத்தால் அவர் கூலிக்காரர்.

இப்போது வரம்புகளைப் பற்றி. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. 2013-14 கல்வியாண்டில் வைத்த வரம்பு. நான் ஓய்வுபெறும்வரை அதே எண்தான். 2013-இல் அது கௌரவமான தொகை. ஆனால் நானூறு ரூபாய் தினக்கூலிக்குக் கணவனும் மனைவியும் மாதம் இருபத்தாறு நாள் வேலைக்குப் போனால் என்ன வரும் என்று போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 2,49,600. வரம்புக்கு நானூறு ரூபாய் குறைவு. ஒருவர் ஒரே ஒரு நாள் கூடுதலாகப் போனால் சரியாக 2,50,000. இரண்டு நாள் போனால் அவர்கள் பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது. படிப்படியாகக் குறைவது என்பதே இந்த ஏற்பாட்டில் இல்லை; ஒரு ரூபாய் தாண்டினால் மொத்தமும் போய்விடும்.

கூலிக்காரருக்கு இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, அவருக்கு 72,000-தான். உண்மையில் மாட்டிக்கொள்கிறவர் சம்பளப் பட்டியல் உள்ளவர். ஒரு உள்ளாட்சி அமைப்பில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளராக இருந்த அம்மா, கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சம்பளச் சீட்டு தெளிவாக இருக்கிறது, பிடித்தம் எல்லாம் போட்டு. நான் ஒரு ரூபாய் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. வரம்பைத் தாண்டிவிட்டது. பிடித்தம் போகக் கையில் வாங்குவது அதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் சான்றுக்கு மொத்தச் சம்பளம்தான் கணக்கு. அதே வாரத்தில் சந்தையில் மொத்தக் கடை வைத்திருந்தவர் மகனுக்குச் சான்று கேட்டு வந்தார். விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் 96,000 என்று இருந்தது. வாசலில் நின்ற கார் மச்சினனுடையதாம். வருமான வரி கட்டவில்லை, பில் கிடையாது. உள்ளூர் விசாரணை என்று விதியில் இருக்கிறது. எதிர்வீட்டில் கேட்டால், "அவங்க சமாச்சாரம் நமக்கெதுக்குங்க" என்பார்கள். கோப்பைத் திருப்பி அனுப்பினேன். அவர் வேறு ஆவணங்களோடு மறுபடி விண்ணப்பித்தார். மேலே எங்கேயோ சான்று ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். சம்பளக்காரருக்கு வருமானம் தாளில் அச்சாகி வருகிறது. மற்றவர்களுக்கு அவர்கள் சொல்வதுதான் வருமானம். ஏழைகளிலேயே மாதச் சம்பளம் வாங்கும் ஏழைதான் இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுகிறார் என்பது என் தீர்ப்பு. சக அலுவலர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள்.

முதல் பட்டதாரிச் சான்று இதைவிட எனக்குப் பிடித்தமான வேலை. 2010-11-இல் வந்த சலுகை அது. வருமான வரம்பு கிடையாது. ஒற்றைச்சாளர முறையில் தொழிற்கல்வியில் சேர்கிற பிள்ளையின் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக்கூடாது; வீட்டுக்கு ஒருவருக்குத்தான். கேள்வி எளிது. பதில் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த அலுவலர் சொல்லிக்கொடுத்தார்: வீட்டுக்குள் போனதும் சுவரைப் பார். கறுப்பு அங்கி போட்டு, கையில் சுருள் பிடித்த போட்டோ இருந்தால் விஷயம் முடிந்தது. போட்டோ இல்லையென்றால் கடைசியாக நடந்த கல்யாணத்தின் பத்திரிகையைக் கேள். நம் ஊரில் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் யாரும் விடமாட்டார்கள்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அடிவாரக் கிராமம் ஒன்றில் ஒரு பையனின் அண்ணன் கல்யாணப் பத்திரிகையில் 'பி.காம்.' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விசாரித்தால் அவன் இரண்டாம் வருடத்திலேயே நின்றுவிட்டவன். அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். கை நசுங்கி வீட்டில் உட்கார்ந்ததும் பையன் நூற்பாலைக்குப் போய்விட்டான். பெண் வீட்டாருக்காகப் பத்திரிகையில் பட்டம் ஏறியது. இப்போது அந்தப் பொய்ப் பட்டம் தம்பியின் சலுகைக்குக் குறுக்கே நின்றது. படிப்பை இடையில் நிறுத்தியவர் என்று கல்லூரியிலிருந்து எழுதி வாங்கிவரச் சொன்னேன். அண்ணன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாமனார் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். அம்மா அழுது, தம்பி கத்தி, ஒரு வாரம் ஓடியது. கலந்தாய்வுச் சான்று சரிபார்ப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணனே கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான். அந்தப் பையனும் கல்லூரியில் கால் வைத்தவன்தானே. அவன் பாதியில் நின்றதை எந்தப் பதிவேட்டிலும் நாங்கள் எழுதுவதில்லை.

வங்கிக் கடனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான்கு லட்சம் வரை ஈடு இல்லாமல் கல்விக் கடன் தரவேண்டும் என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம். பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும். 2009-10 முதல் உள்ள மானியம். அதற்கும் வருமானச் சான்றுதான். இங்கேதான் அந்தக் காகிதம் இரண்டு வாயால் பேசவேண்டியிருக்கிறது. மானியத்துக்கு, இந்தக் குடும்பம் ஏழை என்று சொல்லவேண்டும். கடனுக்கு, இந்தக் குடும்பம் திருப்பிக் கட்டும் என்று சொல்லவேண்டும். காபித் தோட்டக்காரரின் மகன் முதலில் வங்கிக்குத்தான் போனான். அங்கிருந்த அலுவலர் சான்றைப் பார்த்துவிட்டு, "வருஷத்துக்கு 72,000 வர்ற வீட்டுல எப்படித் தம்பி தவணை கட்டுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். படித்து வேலைக்குப் போகிற பிள்ளையின் வருமானத்தை வைத்துத்தான் கல்விக் கடன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அப்பா பெயரில் இருந்த பழைய நகைக்கடன் பாக்கி, அம்மா பேரில் இருந்த மகளிர் குழுக் கடன் எல்லாம் திரையில் வந்துவிட்டன. "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். பரிசீலனை முடிந்து கடிதம் வந்தது செப்டம்பரில். அதற்குள் பச்சைக்காய் விற்றாகிவிட்டது.

உதவித்தொகையும் இப்படித்தான் காலம் தாழ்ந்து வரும். 2012 செப்டம்பரில் வந்த அரசாணை 92 பெரிய விஷயம். சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் திருப்பித்தராத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்றது. சேரிகளிலிருந்து பொறியியலுக்குப் போனவர்கள் எண்ணிக்கை கூடியதை நான் என் சான்று எண்ணிக்கையிலேயே பார்த்தேன். 2021-க்குப் பிறகு ஒன்றிய அரசின் அறுபது சதவீதப் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. நல்லதுதான். ஆனால் பணம் வரும் மாதம் ஒன்று, கல்லூரி கேட்கும் மாதம் ஒன்று. "கவர்மெண்ட் பணம் வந்ததும் திருப்பித் தர்றோம், இப்போ நீங்க கட்டிருங்க" என்று சொல்லாத கல்லூரி குறைவு. கட்டமுடியாத பையன் ஹால் டிக்கெட்டுக்காக எங்கள் அலுவலகத்தில் வந்து நின்றால் நாங்கள் என்ன செய்ய முடியும்? எங்கள் வேலை காகிதம் தருவது.

மலையில் பளியர் குடும்பங்களின் கதை தனி. பழங்குடிச் சாதிச் சான்றை வட்டாட்சியர் தரமுடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தரவேண்டும். அப்பாவுக்குச் சான்று இருந்தால் பிள்ளைக்குச் சுலபம். அப்பாவே பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்கு எதற்குச் சான்று வாங்கியிருக்கப் போகிறார்கள்? விசாரணை, அறிக்கை, மறுவிசாரணை என்று மாதங்கள் ஓடும். வருமானம் எழுதும்போது இன்னொரு கூத்து. தேன் எடுப்பார்கள், கல்பாசி, கடுக்காய் பொறுக்குவார்கள், தோட்டத்தில் கூப்பிட்டால் கூலிக்குப் போவார்கள். ஒரு குடும்பத்துக்கு நான் மிகக் குறைந்த தொகை ஒன்றை எழுதி அனுப்பினேன். "இவ்வளவில் எப்படிச் சாப்பிடுகிறார்கள்?" என்று குறிப்பு எழுதித் திருப்பினார்கள். குறிப்பு எழுதியவர்களை மலைக்கு அழைத்துவந்து காட்டவேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டுப் பையன் கீழே விடுதியில் தங்கிப் படித்துத் தேறினான். சாதிச் சான்று கைக்கு வந்தபோது அந்த வருடச் சேர்க்கை முடிந்துவிட்டது. ஒரு வருடம் எஸ்டேட்டில் மிளகு பறித்தான். அடுத்த வருடம் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தான். ஒரு வருடக் கூலியைப் பார்த்த பிறகும் திரும்பிப் படிக்கப் போனதை நான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன்; பலர் திரும்புவதில்லை.

திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்குப் புதிதாக 321 வீடுகள் கட்டி 2022 செப்டம்பரில் திறந்தார்கள். அதற்கு முன்பே அகதிகள் முகாம் வேலையாக அந்தப் பக்கம் போவதுண்டு. அங்கே ஒரு பெரியவர் தங்கள் நாட்டு நிலவரத்தைச் சொன்னார். அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணம் கிடையாதாம். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்திலிருந்து, 1945 முதல், இலவசக் கல்விதான். மகாபொல உதவித்தொகை என்று 1981-இல் வந்ததற்குத்தான் குடும்ப வருமானம் பார்ப்பார்களாம். அதற்குக் கிராம சேவகர் கையெழுத்து. "அங்கயும் உங்கட ஆக்கள்தான் ஐயா" என்று சிரித்தார். பிறகு, "ஆனா அங்க இடம் கிடைக்கிறதுதான் கஷ்டம். இங்க இடம் நிறைய இருக்குது, காசுதான் கேக்குறாங்கள்" என்றார். ஒரு ஆய்வரங்கில் அரை நாள் பேசவேண்டியதை இரண்டு வரியில் முடித்துவிட்டார். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47, நாட்டுக்கு 28.4. இடம் நிறைய இருப்பது உண்மைதான்.

என் பணிக்காலத்தின் கடைசியில் வந்த ஒரு மாற்றத்தைச் சொல்லவேண்டும். 2022 செப்டம்பர் 5-இல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. இதில் என்னைக் கவர்ந்தது தொகை அல்ல. வருமானச் சான்று கேட்கவில்லை என்பதுதான். எங்கே படித்தாய் என்று மட்டும் பார்க்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஏழு வருடம் உட்கார்ந்த பெண்ணின் வீட்டு நிலைமையை என் விசாரணையைவிட அந்தப் பள்ளி வருகைப்பதிவேடு சரியாகச் சொல்லும். மருத்துவச் சேர்க்கையில் 2020-இல் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடும், அடுத்த வருடம் பொறியியலுக்கு நீட்டித்ததும் அதே வழிதான். இன்னொன்று, அந்த ஆயிரம் மாதாமாதம் வருகிறது. எம்.வி.எம். அரசு மகளிர் கல்லூரியில் படித்த ஒரு பெண்ணிடம் அதை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். ஊரிலிருந்து வந்துபோக டவுன் பஸ் இலவசம். மத்தியானச் சாப்பாடு, தேர்வுக் கட்டணம், போன் ரீசார்ஜ் எல்லாம் இதில் என்றாள். "வீட்ல கேக்கவேண்டியதில்ல சார்" என்றாள். வேடசந்தூர்ப் பக்கத்து மில்லுக்கு வேன் ஏறிய அவள் கூட்டாளிகள் மாதம் அதைப்போலப் பல மடங்கு வாங்குகிறார்கள். அந்த ஆயிரம் மில் கூலிக்கு ஈடாகாது. ஆனால் சோற்றுக்குக் கேட்கவேண்டியதில்லை என்பது ஒரு வீட்டில் படிப்பைத் தொடரவிடும் காரணமாகிவிடுகிறது.

ஓய்வுபெறும் முன் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் யோசனைகள் இருந்தால் எழுதித் தரச் சொன்னார்கள். வருமானச் சான்று விண்ணப்பத்தில் 'எந்தெந்த மாதங்களில் வருமானம்' என்று ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சேத்தீங்கன்னா மறுநாளே எல்லா இ-சேவைலயும் ஜூன் மாசம் வருமானம் இல்லன்னு டைப் பண்ணிக் குடுத்துருவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

இப்போது அடிவாரத்தில் நான் குடியிருக்கும் ஊரில் பெண்கள் நடத்துகிற ஒரு ஏலச்சீட்டு இருக்கிறது. என் மனைவியும் அதில் உண்டு. நான் வாய் ஓயாமல் ஜூன், ஜூன் என்று புலம்பியதாலோ என்னவோ, பிளஸ் டூ எழுதுகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு மே மாதச் சீட்டைத் தள்ளுபடி இல்லாமல் கொடுத்துவிடுவது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு காகிதமும் கேட்பதில்லை. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த வருடம் இரண்டு வீட்டில் பிளஸ் டூ. ஒரு பெண், ஒரு பையன். மே மாதச் சீட்டு ஒன்றுதான். பெண்ணுக்கு மே, பையனுக்கு ஜூன் என்று ஒரு கட்சி; பொறியியல் கலந்தாய்வு தாமதமாகத்தான் நடக்கும், கலைக் கல்லூரிச் சேர்க்கை முந்திவிடும், அதனால் யார் எந்தப் படிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்று இன்னொரு கட்சி. நேற்று ராத்திரி பத்து மணிவரை எங்கள் திண்ணையில்தான் பேச்சு.